பழைய மாருதி 800இன் உள்விளக்குகள்: பொள்ளாச்சிப் பட்டறை ஒன்றின் வேலை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் வேலைக்கோ பிரேக் வேலைக்கோ ஆள் கிடைப்பது இன்றும் சிரமமில்லை. கதவைத் திறந்தால் எரிய வேண்டிய கூரை விளக்கு எரியவில்லை, மீட்டரில் பாதி இருட்டாகத் தெரிகிறது, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் கரண்ட் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு போய் நின்றால்தான் பட்டறைகளில் முகம் கொடுத்துப் பேச ஆள் இருப்பதில்லை. வேலை சிறியது, நேரத்தை விழுங்குவது, அதற்குப் பெரிய கூலியும் கேட்க முடியாது. ஆகவே பல்பை மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள், அல்லது கிடைத்த ஒயரில் இன்னொரு ஒயரை முறுக்கி டேப் சுற்றி அன்றைக்கு எரிய வைத்துவிடுகிறார்கள். பொள்ளாச்சியில் பல்லடம் சாலையோரம் ஒருவர் தனியாளாக நடத்தும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை ஒன்று இதே வேலையை எப்படிச் செய்து கொடுத்தது என்பதை விரிவாக எழுதுவது பழைய வண்டிக்காரர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். தம் பெயரும் தொலைபேசி எண்ணும் வெளியே வர வேண்டாம், வரும் வேலையையே முடித்துக் கொடுக்க நேரம் போதவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே குறிப்பிடவில்லை.

வண்டி அப்பாவுடையது, 1999ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800. சொந்த உபயோகக் கார்களுக்குப் பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், எஞ்சின், டயர், வெளிவிளக்குகள் ஆகியவை ஒழுங்காகவே பராமரிக்கப்பட்டு வந்தன. உள்ளே இருக்கும் சிறு விளக்குகளை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. இந்த வண்டி பெரும்பாலும் வீட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் ஓடுவது. பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் சாரலின் ஈரமும், நார்க் கம்பெனிகளிலிருந்து காற்றில் வரும் நார்த்தூளும் வண்டிக்குள் தங்கிவிடும். தேங்காய் நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடியது. நாற்றங்காலுக்கு அது அருமையான பொருள், கதவோரத்திலும் மிதியடிக்குக் கீழேயும் ஓடும் ஒயர்களுக்கோ ஆகாத பொருள். இந்த ஊர் வண்டிகளில் உள்விளக்குக் கோளாறு அதிகம் வருவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று பட்டறைக்காரரும் சொன்னார்.

அவர் முதலில் கையில் எடுத்தது டெஸ்ட் லேம்ப். அதாவது ஒரு முனையில் கிளிப்பும் மறுமுனையில் ஊசியும் கொண்ட சாதாரண பல்பு. கூரை விளக்கின் மூடியைக் கழற்றுவதற்கு முன் வண்டியைச் சற்று நேரம் வெயிலில் நிறுத்தச் சொன்னார். பழைய பிளாஸ்டிக் விறைத்துப்போயிருக்கும், குளிர்ந்த நிலையில் நெம்பினால் லாக் ஒடிந்துவிடும், வெயிலில் சூடேறிய பிறகு சிறிது வளைந்து கொடுக்கும் என்பது அவர் கணக்கு. நெம்புவதற்கு ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. நுனியைப் பட்டையாகச் சீவிய மூங்கில் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார். அதைத் துணிக்கு மேல் வைத்து மூடியின் இரு பக்கத்தையும் மாற்றி மாற்றி மெல்லத் தூக்கினார். மாருதி 800 போன்ற வண்டிகளுக்கு எஞ்சின் பாகம் தாராளமாகக் கிடைக்கும். விளக்கு மூடி, லாக், குமிழ் போன்ற சில்லறைச் சாமான்கள்தான் கடைகளிலிருந்து முதலில் காணாமல் போகின்றன. 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதை மறந்துவிட்டு நெம்புகிற பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மூங்கில் துண்டைப் பார்த்ததுமே வண்டியை நம்பி விடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது.

பல்பைக் கழற்றிச் சோதித்தார், எரிந்தது. ஹோல்டரில் பன்னிரண்டு வோல்ட் வந்துகொண்டிருந்தது. “பல்பு நல்லாத்தானுங்க அம்மிணி இருக்குது, கரண்டும் வருது. எர்த்துதான் வர்ல, பாருங்க” என்றார். இந்த இடத்தில்தான் பல பட்டறைகள் வழி தவறுகின்றன. இவ்வகை வண்டிகளில் கூரை விளக்குக்குப் பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். கதவுச் சட்டத்தில் இருக்கும் சிறிய பிளஞ்சர் சுவிட்ச், கதவு திறந்ததும் வெளியே நீண்டு, விளக்கின் மறுமுனையை வண்டியின் உடம்போடு இணைத்து எர்த் கொடுக்கிறது. கதவு மூடியதும் அது உள்ளே அமுங்கி இணைப்பைத் துண்டிக்கிறது. வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவ் என்பதால் இதற்குத் தனி ஒயர் கிடையாது, சுவிட்சை இறுக்கிப் பிடிக்கும் ஸ்குரூதான் எர்த் பாதை. எங்கள் வண்டிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் டிங்கரிங் பார்த்துப் பெயிண்ட் அடித்தபோது, சுவிட்சைக் கழற்றி வைத்துவிட்டு அதன் இருக்கைக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்டுக்கு மேல் ஸ்குரூ உட்கார்ந்திருக்கிறது. முதலில் ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டு எரிந்த விளக்கு, சாரல் ஈரத்தில் ஸ்குரூ துருப்பிடித்ததும் நின்றுவிட்டது. எர்த் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை அவர் டெஸ்ட் லேம்பை நகர்த்தி நகர்த்தி எனக்குக் காட்டினார்.

ஓட்டுநர் பக்கக் கதவின் சுவிட்சை வெளியே இழுத்தபோது அதன் ரப்பர் உறை கிழிந்திருந்தது, உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இழுத்த உடனே ஒயரின் கழுத்தில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைக் கதவுக் கீலில் சுற்றி வைத்தார். சுவிட்சிலிருந்து கழற்றிய ஒயர் நழுவித் தூணுக்குள் போய்விட்டால் அதைத் திரும்ப எடுக்க உள்பட்டைகளையெல்லாம் கழற்ற வேண்டிவரும். ஒரு முழ நூல் அந்த வேலையை மிச்சப்படுத்துகிறது. களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஸ்குரூ உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிய வைத்து, புது ஸ்குரூ போட்டு இறுக்கியபின், சுரண்டிய இடம் மீண்டும் துருப்பிடிக்காமல் இருக்க அதைச் சுற்றிச் சிறிது கிரீஸ் தடவினார். மற்றப் பக்கத்து சுவிட்சுக்கும் நான் கேட்காமலேயே இதே வைத்தியம் நடந்தது. இப்போது எந்தக் கதவைத் திறந்தாலும் விளக்கு உடனே எரிகிறது.

எல்இடி பல்பு போடலாமா என்ற கேள்வி எல்லாரும் கேட்பதுதான். எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லும் கடைகளும் உண்டு, எல்இடியே ஆகாது என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இவர் இடத்துக்கு இடம் வேறு பதில் சொன்னார், அதற்குக் கணக்கும் சொன்னார். கூரையில் இருக்கும் குழல் வடிவப் பழைய பல்பு பத்து வாட். பன்னிரண்டு வோல்ட்டில் அது ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும். தோப்பில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காய் ஏற்றுவது, கதவு சரியாகச் சாத்தாமல் இரவு முழுக்க விளக்கு எரிவது இவையெல்லாம் நடக்கக்கூடியவை. பத்து மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர் மணி போய்விடும். இந்த வண்டியில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி, அதுவும் வயதானது என்றால் காலையில் செல்ப் எடுக்காது. எல்இடியில் அதே வெளிச்சத்துக்கு ஒரு வாட் அளவே போதும். ஆகவே கூரைக்கு எல்இடி. ஆனால் கண்ணைக் குத்தும் வெள்ளையோ நீலமோ வேண்டாம், 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் வெளிச்சம் போதும் என்றார். எஞ்சின் ஓடும்போது வண்டியில் பன்னிரண்டு வோல்ட் அல்ல, 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும் என்பதால், அதைத் தாங்கும் அமைப்பு உள்ளே இல்லாத மலிவு எல்இடிகள் சீக்கிரம் மினுமினுத்துப் போய்விடும். பத்து ரூபாய் குறைவு என்று அவற்றை வாங்கி வர வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்பினார். எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்துப் போட வேண்டும். எரியவில்லையென்றால் பல்பு போய்விட்டது என்று முடிவு கட்டாமல் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மீட்டருக்கு அவர் எல்இடி போட மறுத்துவிட்டார். நானாக இருந்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் கேட்டிருப்பேன். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டபின், அது சரியான முடிவு என்றே இப்போதும் கருதுகிறேன். மீட்டர் போர்டின் உட்புறம், இழை பல்பு எல்லாப் பக்கமும் வெளிச்சம் பரப்பும் என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. எல்இடி நேராக ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்தைப் பாய்ச்சும்; ஸ்பீடோமீட்டரின் ஒரு மூலை பளீரென்றும் மறுமூலை இருட்டாகவும் தெரியும். ஆழியாறு தாண்டி வால்பாறை மலையேறுகிற நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் ஓட்டும்போது, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது என்பது ஒரு பார்வையில் தெரிய வேண்டும். பக்கத்திலேயே பளீரென்ற புள்ளி ஒன்று எரிந்தால் கண் அதற்குப் பழகிச் சாலை இருட்டாகிவிடும். வயதானவர்கள் ஓட்டும் வண்டிக்கு இது அலங்காரம் சார்ந்த விஷயமே அல்ல.

மீட்டரைக் கழற்றிய விதமும் நிதானமானதுதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்பட்டது. முன்னால் உள்ள சட்டத்தை எடுத்து, மீட்டரைச் சிறிது வெளியே இழுத்து, பின்னால் கை விட்டு ஸ்பீடோ கேபிளின் லாக்கை அமுக்கிப் பிரித்து, ஒயர்களை மீட்டரோடு இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கவே இல்லை, கப்ளரின் உடம்பைத்தான் பிடித்தார். பின்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடுகின்றன; பல்பு ஹோல்டர் அதில் செருகி அரைத் திருப்பில் பூட்டிக்கொள்கிறது. பழைய பல்புகளின் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தது, அதனால்தான் எரிந்தும் வெளிச்சம் வரவில்லை. இரண்டு ஹோல்டர்களின் தொடுமுனை மங்கிப் போயிருந்ததை அழிப்பான் ரப்பரால் தேய்த்தார்; அந்த மெல்லிய செம்பில் உப்புத்தாள் பட்டால் கோடே அழிந்துவிடுமாம். வெளிச்சம் கூட வேண்டும் என்று வாட் அதிகமான பல்பைப் போட்டு ஹோல்டர் உருகிய மீட்டர் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஏற்கெனவே இருந்த அதே வாட் பல்புகளைத்தான் எங்கள் வண்டிக்குப் போட்டார். மீட்டரின் முன்கண்ணாடியில் உட்புறம் படிந்திருந்த தூசியையும் ஈரத்துணியால் துடைத்துப் பூட்டினார். பாதி வெளிச்சம் அந்தத் துடைப்பிலேயே வந்தது. வாகன மீட்டர்கள் செய்யும் பிரிகால் நிறுவனம் இருக்கிற கோவை மாவட்டத்தில் மீட்டர் வேலை தெரிந்தவர்கள் இருப்பதில் வியப்பில்லை. ஆனாலும் இவ்வளவு பொறுமையாகச் செய்பவரை நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு செய்தி தனியே சொல்லத்தக்கது. மீட்டரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். பல பழைய வண்டிகளில், சாவியைத் திருப்பியதும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ (ஆல்டர்னேட்டர்) வேலையைத் தொடங்குவதற்கு வேண்டிய ஆரம்பக் கரண்ட் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. அதை எல்இடியாக மாற்றினால், எல்இடி மிகக் குறைவான கரண்டையே விடும் என்பதால், எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகும் டைனமோ சார்ஜ் கொடுக்காமல் நிற்கக்கூடும். மீட்டர் பல்பு முழுவதையும் வீட்டிலேயே எல்இடியாக மாற்றிவிட்டு, சார்ஜ் ஏறவில்லை என்று புது டைனமோ வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வண்டியாக இருந்தாலும் அந்த ஒரு பல்பை மட்டும் விட்டுவிடுவது நல்லது.

எங்கள் வண்டியின் பேட்டரி நான்கைந்து நாள் நிறுத்தி வைத்தால் இறங்கிவிடும் கோளாறும் இருந்தது. கோவையில் சீட் கவர் மாட்டிய கடை ஒன்றில், கால் வைக்கும் இடத்துக்கு அலங்கார விளக்குப் பட்டை ஒட்டித் தந்திருந்தார்கள். கேட்டு வாங்கியதல்ல, சலுகை என்று ஒட்டியது. பேட்டரியின் நெகட்டிவில் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரைத் தொடராகக் கோத்துப் பார்த்தபோது, சாவி எடுத்த நிலையில் 300 மில்லி ஆம்பியருக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீரியோவின் நினைவுக்காகச் சிறிது கரண்ட் எப்போதும் போகும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 300 என்றால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்குமேல், ஐந்து நாளில் பேட்டரி காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ஸ்டீரியோ பியூஸை எடுத்ததும் அளவு விழுந்ததைக் கண்டு, டேஷ்போர்டுக்குக் கீழே போய்ப் பார்த்தால், விளக்குப் பட்டையின் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயரில் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மஞ்சள் ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். சாவி திருப்பினால் மட்டும் வருவது சிவப்பு ஒயர். விளக்கு அணைந்திருந்தாலும் பெட்டி கரண்ட் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. முறுக்கின இடத்தில் டேப்பின் பசை வெயில் சூட்டில் இளகி வழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. தகட்டில் பட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். பட்டையை முழுவதும் எடுத்துவிடச் சொன்னேன். வெட்டிய இடத்தை ஈயம் வைத்துப் பற்றி, சூட்டில் சுருங்கும் சிலீவ் போட்டு மூடினார். மீண்டும் அளந்தபோது 20 மில்லி ஆம்பியரை ஒட்டி நின்றது. உள்அலங்கார விளக்கு வேண்டும் என்பவர்கள் எந்த ஒயரிலிருந்து எடுக்கிறீர்கள், தனி பியூஸ் போடுகிறீர்களா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் வண்டியைக் கடையில் விடக்கூடாது.

சாக்கெட்டின் கோளாறு எளியது. அடியில் ஒரு ரூபாய் நாணயம் கிடந்தது, பியூஸ் போயிருந்தது. ஆனால் போயிருந்த பியூஸின் நிறம் பச்சை. அதாவது 30 ஆம்பியர். பியூஸ் பெட்டியின் மூடியில் அந்த இடத்துக்கு 15 என்று அச்சாகியிருக்கிறது. முன்பு எங்கோ பியூஸ் போனபோது கையில் கிடைத்ததை யாரோ செருகியிருக்கிறார்கள். பியூஸ் என்பது ஒயரைக் காப்பதற்காக இருப்பது. ஒயர் தாங்கும் அளவைவிடப் பெரிய பியூஸ் போட்டால், கோளாறு வரும்போது பியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். நீலநிற 15 ஆம்பியர் பியூஸைப் போட்டு, உபரியாக ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார். செல்போன் சார்ஜருக்கு இரண்டு, மூன்று ஆம்பியர் போதும். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்ப் பத்து ஆம்பியருக்குமேலும் இழுக்கும் என்பதால், அதைப் போடும்போது எஞ்சினை ஓடவிட்டு, வேறு எதையும் சேர்த்துச் செருக வேண்டாம் என்றார்.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்ச் மட்டும் கிடக்கிறது, அதிலும் பாதி டூல்ஸ். தொலைபேசியில் அழைத்தால் வேலை நேரத்தில் எடுக்கமாட்டார். எழுதிக் கொடுக்கும் பில் கிடையாது, கேட்டால் துண்டுத்தாளில் சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாகக் குறித்துத் தருகிறார். நேரம் அதிகம் பிடிக்கும். காலையில் விட்ட வண்டி சாயங்காலம்தான் கைக்கு வந்தது, நடுவில் டெம்போக்காரர் ஒருவர் ஹெட்லைட் எரியவில்லை என்று வந்தபோது எங்கள் மீட்டரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இரவு ஓட வேண்டிய வண்டி என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மனமில்லை, ஆனாலும் அவசரக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மஞ்சளாகிப்போன கூரை விளக்கு மூடிக்கு மாற்று கிடைக்கவில்லை. கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் பார்த்து வைக்கிறேன் என்றார், நாங்களும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சாமானும் கூலியும் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது. அதில் கூலி 800. மாற்றிய பொருட்களின் விலையைப் பார்த்தால் கூலி அதிகம் என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் எர்த் கோளாறைக் கண்டுபிடித்துக் கூரை விளக்கை எரிய வைத்ததற்கும், புதிது வாங்க வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்த பேட்டரி தப்பியதற்கும் கொடுத்த கூலி அது. விற்பதற்குச் சாமான் அடுக்கி வைத்திருக்கும் கடையில் இந்தப் பதில் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

போகிறவர்கள் செவ்வாய், வியாழன் இரண்டு நாளையும் தவிர்க்க வேண்டும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை கூடும் நாட்கள் அவை. மாடு ஏற்றி வந்த டெம்போக்களின் வரிசை பட்டறை வாசல்வரை நிற்கும், கார் வேலைக்கு அவர் கை ஒழியாது. மற்ற நாட்களில் காலை ஒன்பது மணிக்குமுன் போய், எந்தெந்த விளக்கு எப்போது எரியவில்லை, அதற்கு முன் வண்டியில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் அதைப் படித்துவிட்டுத்தான் டெஸ்ட் லேம்பை எடுக்கிறார்.